பைத்தான் சொல்பேச்சு கேட்கவில்லையா? பைலின் பெயரைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு, படம், இன்டர்நெட் என்று சில வாரங்கள் ஓடும். அதன் பிறகு வீட்டில் யாராவது ஒருவர் புரோகிராம் எழுதிப் பார்க்க ஆசைப்படுவார். இப்போது அது பெரும்பாலும் பைத்தானாகத்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது, இன்ஸ்டால் செய்வது எளிது. தமிழகத்தில் 2019-ல் வந்த +2 கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலும் இது பாடமாக இருப்பதால், பிள்ளைகள் படிக்கும் பல வீடுகளில் ஏற்கனவே குடியேறிவிட்டது.

பைத்தானில் எழுத்துப் பிழை செய்தால் அது உடனே சொல்லிவிடும். திருத்திக் கொள்ளலாம். ஆனால் புத்தகத்தில் உள்ளதை எழுத்து பிசகாமல் டைப் செய்தும் புரோகிராம் ஓடாத நிலை ஒன்று உண்டு. நேற்று வரை ஓடிய புரோகிராமும் இன்று காலை நின்றுவிடும். பைத்தானை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டாலும் சரியாகாது. இதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்க் குழப்பம்தான். அது எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். பைத்தான் பைல்களின் எக்ஸ்டென்ஷன் பிஒய் என்ற இரண்டு எழுத்துகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாமே ஒரு பிழையை உருவாக்குவோம்

டி டிரைவில் பயிற்சி என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். நோட்பேடைத் திறந்து மூன்றே வரிகள் டைப் செய்யுங்கள். முதல் வரி: இம்போர்ட் ரேண்டம். இரண்டாவது: ஏ = ரேண்டம்.ராண்ட்இன்ட்(1, 6). மூன்றாவது: பிரின்ட்(ஏ). பகடை உருட்டியது போல 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணைத் தரும் புரோகிராம் இது.

ரேண்டம் பற்றிய பயிற்சிதானே என்று இதை ரேண்டம்.பிஒய் என்ற பெயரிலேயே சேமியுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எக்ஸ்புளோரரில் அந்த போல்டரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் கிளிக் செய்து, அங்கே உள்ளதை அழித்துவிட்டு சிஎம்டி என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த போல்டரிலேயே கமாண்ட் ப்ராம்ட் திறக்கும். பலருக்குத் தெரியாத சுருக்குவழி இது! அங்கே பிஒய் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ரேண்டம்.பிஒய் என்று கொடுத்து என்டர் தட்டுங்கள்.

எண் வராது. ரேண்டம் என்ற மாட்யூலில் ராண்ட்இன்ட் என்று எதுவும் இல்லை என்ற பொருளில் ஓர் எரர் மெசேஜ் வரும். புத்தகம் இருக்கிறது என்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான்! கல்யாண வீட்டில் நின்று கொண்டு "மாமா" என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற மாமா திரும்பிப் பார்ப்பார். நீங்கள் நினைத்த மாமா பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். இங்கேயும் அதுதான் நடந்தது. இம்போர்ட் ரேண்டம் என்று கூப்பிட்டதும் பைத்தானுடன் வந்த ரேண்டம் வரவில்லை. பக்கத்திலேயே நிற்கிற உங்கள் ரேண்டம் வந்து நின்றது. அதில் ராண்ட்இன்ட் இல்லை, உண்மைதானே?

பைத்தான் எங்கெல்லாம் தேடுகிறது?

இம்போர்ட் என்று கொடுத்ததும் அந்தப் பெயரை பைத்தான் ஒரு வரிசைப்படி தேடுகிறது. அது ஏற்கனவே மெமரியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அடுத்து, பைத்தானின் உள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்ட மாட்யூல்களில் தேடும். பிறகு நீங்கள் ஓட்டும் புரோகிராம் இருக்கும் போல்டர். அதன் பிறகுதான் பைத்தானுடன் வந்த ஸ்டாண்டர்டு லைப்ரரி. கடைசியாக, நீங்கள் தனியாக இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்கள். எங்கே முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்காது, உங்களையும் கேட்காது.

உங்கள் போல்டர் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கு முன்னால் இருப்பதைக் கவனித்தீர்களா? பிரச்னையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதைக் குறை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய புரோகிராம்களைப் பல பைல்களாகப் பிரித்து எழுதும்போது பக்கத்துப் பைல்கள் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு இது ஒரு பள்ளம். என்னைக் கேட்டால், முதல் பாடத்திலேயே இதைச் சொல்லித் தர வேண்டும்.

இந்த வரிசை தெரிந்தால் இன்னொரு விநோதமும் புரியும். டைம்.பிஒய் என்று ஒரு பைலை வைத்து, வேறொரு புரோகிராமில் இம்போர்ட் டைம் என்று கொடுங்கள். எந்தக் குழப்பமும் வராது. ஏனென்றால் டைம் பைத்தானின் உள்ளேயே கட்டப்பட்டது, உங்கள் போல்டருக்கு வருவதற்கு முன்பே கிடைத்துவிடும். விண்டோஸில் மேத் மாட்யூலும் அப்படித்தான். அதனால் "நான் மேத் என்று பெயர் வைத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று நண்பர் சொன்னால் அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவருடைய பைலை இம்போர்ட் செய்ய முயன்றால் அது வரவே வராது.

குற்றவாளி ஒருவர், மாட்டிக்கொள்பவர் வேறொருவர்

மேலே சொன்னதில் தப்பான பெயர் வைத்த பைலே நின்றது. அதாவது பரவாயில்லை. தொல்லை என்னவென்றால், அதே போல்டரில் உள்ள மற்ற புரோகிராம்களும் நின்றுவிடும். கேம்.பிஒய் என்று போன மாதம் எழுதிய விளையாட்டு அங்கே இருந்து, அதுவும் ரேண்டம் மாட்யூலைக் கூப்பிட்டால், அதற்கும் இந்தப் போலி ரேண்டம்தான் கிடைக்கும். விளையாட்டில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள்.

இதைவிடக் குழப்பமானதும் உண்டு. நண்பர்களின் இமெயில் முகவரிகளைச் சேமிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி இமெயில்.பிஒய் என்று பெயர் வைக்கிறீர்கள். அதே போல்டரில் ஒரு வெப் பக்கத்தை இறக்கும் இன்னொரு புரோகிராம் இருக்கிறது. அது யுஆர்எல்லிப் என்ற மாட்யூலைப் பயன்படுத்துகிறது. இமெயில் என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனாலும் "இமெயில் ஒரு பேக்கேஜ் இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். ஏன் தெரியுமா? யுஆர்எல்லிப் தன் வேலைக்காக உள்ளே பைத்தானின் சொந்த இமெயில் பேக்கேஜைக் கூப்பிடுகிறது. கிடைத்ததோ உங்கள் பைல்.

எங்கள் எதிர்வீட்டில் +2 படிக்கும் பையன் ஒருவன் இப்படித்தான் வந்து நின்றான். "அண்ணா, மூணு தடவை பைத்தானை எடுத்துட்டு மறுபடி போட்டேன். ஒண்ணும் ஆகல. கடையில கேட்டா வைரஸா இருக்கும், பார்மட் பண்ணணும்னு சொல்றாங்க. அதுலதான் தாத்தாவோட பழைய போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கு" என்றான். வேறு எங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை. போல்டரைத் திறந்து பார்த்தால் டர்டில்.பிஒய். ஆமை வரைந்து பழகுகிற புரோகிராமுக்கு ஆமையின் பெயரையே வைத்திருந்தான். பெயரை மாற்றியதும் ஆமை கோடு போட ஆரம்பித்தது. பைத்தானை மூன்று முறை போட்டும் ஏன் சரியாகவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்யும்போது பைத்தானின் பைல்கள்தான் போகும், உங்கள் போல்டரில் உள்ளவை அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எரர் மெசேஜ் வந்தால் பலர் கடைசி வரியை மட்டும் படிக்கிறார்கள். பாதிப் பேர் அதையும் படிப்பதில்லை. மேலே உள்ள வரிகளில் பைல் என்று ஆரம்பித்து ஒவ்வொரு பைலின் முழுப் பாதையும் வரி எண்ணும் இருக்கும். அவற்றை மேலிருந்து கீழாகப் படியுங்கள். நம் பகடை உதாரணத்தில் டி டிரைவின் பயிற்சி போல்டரில் உள்ள ஒரே பைல் இரண்டு முறை வந்திருக்கும், முதலில் 1-வது வரி, அடுத்து 2-வது வரி. ஒரு பைல் தன்னைத்தானே கூப்பிட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 3.8 பதிப்பிலிருந்து "பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்" என்ற சொற்களும் சேர்ந்து வரும். அதாவது, பாதி ஏற்றப்பட்ட மாட்யூல். இந்தச் சொற்களைப் பார்த்ததும் பைலின் பெயரைச் சந்தேகியுங்கள்.

2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். இந்த பைலின் பெயர் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் உள்ள மாட்யூலின் பெயராக இருக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்று எரர் மெசேஜே பாதையுடன் சொல்லிவிடுகிறது. பைத்தான் முதலில் வெளியானது 1991-ல். இத்தனை வருடம் கழித்தாவது சொன்னார்களே! உங்களிடம் பழைய பதிப்பு இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே புதியதைப் போடலாம் என்பேன்.

எரர் எதுவும் வராமல் புரோகிராம் ஏதோ விநோதமாக நடந்துகொண்டால், இம்போர்ட் வரிக்கு அடுத்து ஒரு வரி சேருங்கள். பிரின்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மாட்யூலின் பெயர், ஒரு புள்ளி, இரண்டு அண்டர்ஸ்கோர், பைல் என்ற சொல், மறுபடி இரண்டு அண்டர்ஸ்கோர். அந்த மாட்யூல் எந்த போல்டரிலிருந்து வந்தது என்று இது காட்டிவிடும். உங்கள் பயிற்சி போல்டர் தெரிந்தால் திருடன் அகப்பட்டான். டைம் போன்ற உள்ளே கட்டப்பட்டவற்றுக்கு மட்டும் பைல் கிடையாது என்பதால் இந்த வரியே எரர் தரும். பயப்பட வேண்டாம்.

மருந்து ஒன்றுதான், பைலின் பெயரை மாற்றுவது. ரேண்டம் என்பதைப் பகடை என்று ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே போல்டரில் பைகேஷ் என்ற பெயரில் முன்னும் பின்னும் இரண்டு அண்டர்ஸ்கோருடன் ஒரு போல்டர் தெரிந்தால் அதை அழித்துவிடலாம். தேவையென்றால் பைத்தான் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

ஐடில் திறக்கவே இல்லையா?

பைத்தானுடன் ஐடில் என்ற எடிட்டரும் சேர்ந்தே வருகிறது. அதுவும் பைத்தானில் எழுதப்பட்ட புரோகிராம்தான். எனவே அதுவும் ஸ்டாண்டர்டு லைப்ரரியைக் கூப்பிட்டே ஓடுகிறது. நீங்கள் ஓட்டப்போகும் பைல் இருக்கும் அதே போல்டரில் ரேண்டம்.பிஒய் அல்லது டிகேஇன்டர்.பிஒய் இருந்தால் ஐடிலே தடுமாறி, சப்ப்ராசஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடலாம். ஐடிலின் உதவிக் குறிப்பே இந்தப் பெயர்களைச் சொல்லி எச்சரிக்கிறது. இங்கேயும் எக்ஸ்புளோரரில் போய்ப் பெயரை மாற்றினால் போதும்.

எக்ஸ்புளோரரில் பைல்களின் எக்ஸ்டென்ஷன் தெரியாவிட்டால் தேடுவது சிரமம். விண்டோஸ் 11-ல் வியூ மெனுவில் ஷோ என்பதைத் திறந்து பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தவிர்க்க வேண்டிய பெயர்கள் என்று எனக்கு அடிக்கடி கண்ணில் படுபவை: ரேண்டம், டர்டில், கேலண்டர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஸ்ட்ரிங், கோட், டோக்கன், காப்பி, கியூ, இமெயில், சிஎஸ்வி, டேட்டைம். பாடத்தின் தலைப்பையே பைலுக்குப் பெயராக வைக்கும் பழக்கம்தான் இவற்றில் கொண்டுபோய் விடுகிறது.

பைலுக்கு மட்டுமல்ல, வேரியபிளுக்கும்

இதே குழப்பம் புரோகிராமின் உள்ளேயும் வரும். மதிப்பெண்களைக் கூட்ட வேண்டும். ஐடில் ஷெல்லில் சம் = 0 என்று ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து சம்([70, 80, 90]) என்று கொடுக்கிறீர்கள். 240 வர வேண்டும். ஆனால் "இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" என்று வரும். சம் என்பது பைத்தானோடு பிறந்த பங்ஷன். நீங்கள் அந்தப் பெயரை 0 என்ற எண்ணுக்குக் கொடுத்துவிட்டீர்கள். எண்ணைக் கூப்பிட்டு வேலை வாங்க முடியுமா?

கிளாஸ் = 12 என்று கொடுத்தால் பைத்தான் உடனே மறுத்துவிடும், ஏனென்றால் கிளாஸ் ஒரு கீவேர்டு. கீவேர்டுகள் மொத்தம் 35-தான். ஆனால் சம், லிஸ்ட், மேக்ஸ், ஸ்டிஆர், இன்புட் போன்றவை கீவேர்டுகள் அல்ல. அவற்றை நீங்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் பைத்தான் வாயே திறக்காது. பிறகு எங்கோ ஒரு வரியில் வெடிக்கும்.

இதற்கு ஐடிலில் சுலபமான எச்சரிக்கை மணி ஒன்று இருக்கிறது: நிறம்! கீவேர்டுகள் ஆரஞ்சு நிறத்திலும், இந்தப் பிறவிப் பெயர்கள் ஊதா நிறத்திலும் தெரியும். நீங்கள் வைக்கும் வேரியபிள் பெயர் ஊதாவாக மாறினால் கையை எடுத்துவிட்டு வேறு பெயர் யோசியுங்கள். ஏற்கனவே வைத்துவிட்டால் ஷெல்லில் டெல் சம் என்று கொடுங்கள், பழைய சம் திரும்ப வந்துவிடும். அல்லது கண்ட்ரோல் கீயுடன் எஃப்6 அழுத்தி ஷெல்லை மறுபடி துவக்குங்கள்.

2008-ல் வந்த பைத்தான் 3-லிருந்து வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. மொத்தம் = 0 என்று தமிழில் டைப் செய்தால் அப்படியே வேலை செய்கிறது. எந்தப் பைத்தான் பெயருடனும் மோதவே மோதாது! அடிக்கடி கீபோர்டை மாற்ற வேண்டியிருப்பதுதான் தொல்லை.

எந்த பைத்தான்?

கடைசியாக, பைத்தான் என்ற பெயரிலேயே வரும் மோதல். கமாண்ட் ப்ராம்ட்டில் பைத்தான் என்று டைப் செய்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கிறதா? 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அந்தப் பெயரில் ஒரு குறுக்குவழியை விண்டோஸே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ் வழியாக ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ் என்ற இடத்துக்குப் போய், ஆப் இன்ஸ்டாலர் என்று குறிப்பிட்டுள்ள பைத்தான் சுவிட்சுகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று பதிப்புகள் சேர்ந்துவிட்டால் எது ஓடுகிறது என்று தெரியாது. கமாண்ட் ப்ராம்ட்டில் வேர் பைத்தான் என்று கொடுங்கள். பாதைகள் வரிசையாக வரும், முதலில் இருப்பதுதான் ஓடுவது. வேடிக்கை என்னவென்றால், இதே கட்டளையை பவர்ஷெல்லில் கொடுத்தால் ஒன்றுமே வராது. அங்கே வேர் என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர்! பெயர் மோதலைத் தேடப்போன இடத்தில் இன்னொரு பெயர் மோதல். பவர்ஷெல்லில் வேர்.இஎக்ஸ்இ என்று முழுப்பெயரும் கொடுக்க வேண்டும்.

ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தும் அப்படி ஒன்று இல்லை என்று பைத்தான் சொன்னால், அது பெரும்பாலும் இன்னொரு பதிப்பில் போய் உட்கார்ந்திருக்கும். பிப் என்று நேராகக் கொடுக்காமல் பிஒய் -எம் பிப் இன்ஸ்டால் என்று கொடுத்து, அதன் பிறகு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். புரோகிராமையும் அதே பிஒய் கட்டளையால் ஓட்டினால் இரண்டும் ஒரே பைத்தானில் நடக்கும்.

இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. படங்களைக் கையாளும் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும்போது பில்லோ, இம்போர்ட் செய்யும்போது பிஐஎல். ஆகவே பெயரை ஊகித்து டைப் செய்யாதீர்கள். செட்டப்டூல்ஸ் என்ற பிரபலமான பேக்கேஜின் பெயரில் நடுவே ஒரு ஹைஃபன் மட்டும் சேர்த்துப் போலி ஒன்றை யாரோ பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருந்ததை, வேறு சில போலிகளுடன் சேர்த்து 2017-ல் ஸ்லோவாக்கியா நாட்டின் பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடித்து அறிவித்தது. அவை நீக்கப்பட்டன. இப்படிப்பட்டவை இன்ஸ்டால் ஆகும்போதே தங்கள் வேலையைச் செய்துவிடக் கூடியவை என்பதால் பிறகு அன்இன்ஸ்டால் செய்து பயனில்லை. என்டர் தட்டும் முன், பேக்கேஜின் பெயரைப் புத்தகத்திலோ அதன் சொந்தக் குறிப்புப் பக்கத்திலோ உள்ளதுடன் எழுத்துக் கூட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.